டாமி ஜான்: அறுவை சிகிச்சைக்குப் பெயர் கொடுத்த பிட்சர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க பேஸ்பால் செய்திகளை எட்டிப் பார்ப்பவர்கள் கண்ணில் வாரத்துக்கு ஒரு முறையாவது படும் வரி ஒன்று உண்டு: "இந்த பிட்சருக்கு டாமி ஜான் செய்யப் போகிறார்கள்." பெயர் உலகப் பிரசித்தம். ஆள் யார் என்று கேட்டால் பலர் விழிப்பார்கள். 26 சீசன் ஆடி 288 ஆட்டங்களை வென்ற ஒரு மனிதருக்கு இது அநியாயம். அதனால்தான் இந்தப் பக்கம். பேஸ்பாலே தெரியாதவர்களும் படிக்கலாம்.

டாமி ஜான் என்பவர் டாக்டர்தானே?

இல்லை. அவர் நோயாளி. டாக்டரின் பெயர் ஃபிராங்க் ஜோப். உலகில் பெரும்பாலான சிகிச்சைகளுக்கு அதைக் கண்டுபிடித்த மருத்துவர் பெயரோ நோயின் பெயரோ வைப்பதுதான் வழக்கம். இங்கே மேசையில் படுத்திருந்தவர் பெயர் நிலைத்துவிட்டது. மருத்துவப் புத்தகத்தில் இதற்கு நீளமான பெயர் இருக்கிறது, முழங்கை உட்பக்க ஜவ்வைப் புதிதாகக் கட்டும் அறுவை சிகிச்சை என்று பொருள் வரும். விளையாட்டு உலகில் அப்படிச் சொன்னால் யாருக்கும் புரியாது.

பேஸ்பால் எனக்குத் தெரியாது. பிட்சர் என்றால் பவுலர் மாதிரியா?

ஏறக்குறைய. ஆனால் பிட்சர் ஓடி வருவதில்லை. மேடான ஒரு திட்டில் நின்றபடியே 60 அடி 6 அங்குலத் தொலைவில் இருக்கும் பேட்டருக்கு எறிகிறார். பந்து தரையில் குத்தி எழுவதில்லை, நேராக, பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் கேட்சரின் கையுறைக்குப் போகிறது. கையை மடக்கி எறியலாம், மடக்கித்தான் எறிய வேண்டும். இந்தக் கட்டுரையின் சிக்கல் முழுவதும் அந்த மடக்கில்தான் இருக்கிறது.

ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். தொடக்க பிட்சர் குறைந்தது ஐந்து இன்னிங்ஸ் வீசி, அவர் வெளியேறும்போது அணி முன்னிலையில் இருந்து, அந்த முன்னிலை கடைசிவரை கைவிட்டுப் போகாமல் இருந்தால் வெற்றி அவர் கணக்கில் ஏறும். ஆகவே 20 வெற்றி, 7 தோல்வி என்று எழுதினால் அது அணியின் கணக்கல்ல, அவருடைய தனிக் கணக்கு. ஒரு சீசனில் 20 வெற்றி என்பது நம் டெஸ்ட் பந்துவீச்சாளர் ஒரே தொடரில் 30 விக்கெட் எடுப்பதைப் போல மரியாதை கிடைக்கும் காரியம்.

இன்னொரு எண், ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக எத்தனை ரன் கொடுத்தார் என்பது. 3-க்குக் கீழே இருந்தால் மிக நல்ல பிட்சர்.

அவர் எங்கிருந்து வந்தார்?

1943 மே 22, இண்டியானா மாநிலத்தின் டெர்ரே ஹோட் ஊர். 1961-இல் கிளீவ்லாந்து அணி ஒப்பந்தம் போட்டது, 1963-இல் இருபது வயதில் பெரிய லீகில் இறங்கினார். இடது கைக்காரர். கிளீவ்லாந்தில் இரண்டு சீசனில் 2 வெற்றி, 11 தோல்வி. 1965 ஜனவரியில் மூன்று அணிகள் சேர்ந்து செய்த ஒரு கைமாற்றில் சிகாகோ ஒயிட் சாக்ஸுக்கு அனுப்பப்பட்டார்.

சிகாகோவில்தான் ஆள் தேறினார். ஏழு சீசனில் 82 வெற்றி. 1968-இல் சராசரி 1.98. அந்த ஆண்டு நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது ஆகஸ்ட்டில் டெட்ராய்ட் அணியின் டிக் மெக்காலிஃப் என்ற பேட்டர், ஜான் தன் தலைக்கு மேல் பந்தை எறிந்துவிட்டார் என்று கொதித்துத் திட்டுக்கே பாய்ந்துவிட்டார். மோதலில் ஜானின் இடது தோள் மூட்டு விலகியது. சீசன் அத்தோடு சரி. மெக்காலிஃபுக்கு ஐந்து ஆட்டத் தடையும் 250 டாலர் அபராதமும். அடிபட்டது பிட்சரின் பிழைப்புக் கை. தண்டனை அவ்வளவுதான்.

1971 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணி டிக் ஆலன் என்ற பெரிய அடிகாரரைக் கொடுத்து ஜானை வாங்கிக்கொண்டது. ஆலன் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார்.

வேகமாக வீசுவாரா?

மாட்டார். இதைப் புரிந்துகொள்ளாவிட்டால் இவருடைய கதையே தப்பாகப் புரியும்.

இன்றைய பிட்சர்கள் மணிக்கு 95, 100 மைல் என்று எறிகிறார்கள். ஜானின் பந்து 85 மைலைச் சுற்றித்தான். அவருடைய ஆயுதம் சிங்கர்: பேட்டரை நெருங்கும்போது கீழே அமுங்கும் பந்து. பேட்டர் அடிப்பார், பந்து மட்டையின் அடிப்பாகத்தில் பட்டுத் தரையோடு உருளும். உள்வட்டத்தில் நிற்பவர்கள் எடுத்து அவுட் செய்வார்கள். ரன் எடுக்க, ஹோமில் முடியும் நான்கு பேஸ்களைச் சுற்றி ஓட வேண்டும்; முதல் பேஸில் ஓட்டக்காரர் நின்றால் இன்னும் நல்லது, ஒரே உருட்டலில் இரண்டு பேர் அவுட். கூட வளைந்து இறங்கும் கர்வ் பந்து ஒன்றும் இருந்தது.

பேட்டரைத் திணறடித்து மட்டையே படாமல் அனுப்புவது (ஸ்ட்ரைக் அவுட்) அவர் பாணியல்ல. "அடி, ஆனால் நான் சொல்லும் இடத்தில் அடி" என்பதுதான். 4,710 இன்னிங்ஸ் வீசி 2,245 ஸ்ட்ரைக் அவுட்தான் எடுத்தார். வேகத்துக்குப் பெயர் போன நோலன் ரயன் 5,714 எடுத்தார் என்பதோடு வைத்துப் பார்த்தால் பாணி புரியும். இப்படி வீசுவதற்குக் கை வலிமையைவிடக் கை பழக்கமும் குறியும் முக்கியம். வயதானால் வேகம் போகும், குறி அவ்வளவு சீக்கிரம் போகாது. 46 வயது வரை அவர் தாக்குப்பிடித்ததற்குக் காரணம் புதிய ஜவ்வு மட்டுமல்ல என்று நான் நினைப்பது இதனால்தான்.

1974 ஜூலை 17 அன்று என்ன நடந்தது?

அவர் வாழ்க்கையிலேயே சிறந்த சீசனில் இருந்தார். 13 வெற்றி, 3 தோல்வி. வயது 31. டாட்ஜர் ஸ்டேடியத்தில் மாண்ட்ரியல் எக்ஸ்போஸுக்கு எதிரான ஆட்டம். மூன்றாவது இன்னிங்ஸ், இரண்டு பேஸில் ஆள். தரையில் உருட்டி இரட்டை அவுட் வாங்கலாம் என்று சிங்கர் ஒன்றை எறிந்தார். எறிந்த நொடியில் கை தன்னுடையதாகவே தோன்றவில்லை. பந்து எங்கோ போனது. நம்பாமல் இன்னொன்றும் எறிந்து பார்த்தார். அதுவும் அப்படியே. பெரிய வலி என்றுகூடச் சொல்ல முடியாது, கை இல்லாத மாதிரி இருந்தது என்றுதான் பிற்பாடு சொன்னார். திட்டிலிருந்து இறங்கி நடந்து வந்து, டாக்டர் ஜோப்பைக் கூப்பிடுங்கள் என்றார்.

முழங்கையின் உட்பக்கத்தில் மேல்கை எலும்பையும் முன்கை எலும்பையும் பிடித்து வைக்கும் ஜவ்வு அறுந்திருந்தது. எறியும்போது முழங்கை பக்கவாட்டில் பிளந்துகொள்ளாமல் தடுப்பது அதுதான். சாப்பிட, எழுத, கார் ஓட்ட அது இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம். பந்து எறிய முடியாது.

அதுவரை பிட்சர்களுக்கு இப்படி நேர்ந்தால் "கை செத்துவிட்டது" என்பார்கள். அது நோயின் பெயரல்ல, தீர்ப்பு. பையைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டியதுதான். எத்தனை பேருக்கு இதே ஜவ்வு அறுந்து ஆட்டம் முடிந்ததோ, கணக்கே கிடையாது.

டாக்டர் ஜோப் சரியாக என்ன செய்தார்?

முதலில் ஓய்வு கொடுத்துப் பார்த்தார். சில வாரம் கழித்து ஜான் எறிந்து பார்த்தார், பந்து போய்ச் சேரவில்லை. அதன் பிறகுதான் கத்தி.

1974 செப்டம்பர் 25. முன்கையில் பால்மாரிஸ் லாங்கஸ் என்று ஒரு தசைநாண் இருக்கிறது. கட்டை விரலையும் சுண்டு விரலையும் ஒட்டி வைத்து மணிக்கட்டை லேசாக மடக்கிப் பாருங்கள், நடுவில் கயிறு மாதிரி ஒன்று எழும். அதுதான். சிலருக்கு எழாது, பிறவியிலேயே இல்லாதவர்கள் உண்டு, அதனால் அவர்களுக்கு எந்தக் குறையும் இல்லை. உடம்புக்கு இல்லாமலேயே நடக்கும் உதிரிப் பாகம் என்பதால்தான் ஜோப்பின் கண் அதன் மேல் விழுந்தது.

ஜானின் வலது முன்கையிலிருந்து அதை உருவி எடுத்தார். இடது முழங்கையில் மேல் எலும்பிலும் கீழ் எலும்பிலும் துளை போட்டார். அந்தத் துளைகள் வழியே நாணை எட்டு வடிவத்தில் கோத்து இழுத்துக் கட்டினார். நாணுக்கு அந்த இடத்தில் பிழைக்கத் தெரியுமா, ரத்த ஓட்டம் வந்து அது ஜவ்வாகவே மாறிவிடுமா என்பதுதான் பந்தயம். நாணை இடம் மாற்றித் தைப்பது புதிதல்ல, போலியோவால் செயலிழந்த கைகளிலும் கை விரல் அறுவைகளிலும் ஏற்கெனவே செய்துவந்தார்கள். மணிக்கு 85 மைல் பந்து எறியும் ஒருவரின் முழங்கையில் அதை வைத்துப் பார்க்க யாரும் துணியவில்லை.

மீண்டும் ஆட வாய்ப்பு எவ்வளவு என்று கேட்டதற்கு ஜோப் சொன்னது: நூற்றுக்கு ஒன்று. அறுவை செய்யாவிட்டால் வாய்ப்பே இல்லை. ஜான் அந்த ஒன்றை எடுத்துக்கொண்டார்.

ஜோப்பைப் பற்றி ஒரு வரி சொல்லாமல் விட மனம் வரவில்லை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் 101-வது பாராசூட் படைப்பிரிவில் மருந்துப் பொருள் பிரிவு சார்ஜெண்டாக இருந்தவர். போர் முனையில் டாக்டர்கள் வேலை பார்ப்பதைப் பார்த்துத்தான் தானும் டாக்டராக வேண்டும் என்ற எண்ணம் வந்தது.

உடனே குணமாகிவிட்டதா?

எங்கே! முழங்கை வழியே சுண்டு விரலுக்குப் போகும் நரம்பு சிக்கிக்கொண்டது. விரல்கள் மடங்கிப் பறவை நகம் போல ஆகிவிட்டன, பந்தைப் பிடிக்கவே முடியவில்லை. டிசம்பரில் அந்த நரம்பை விடுவிக்க இரண்டாவது அறுவை. அதற்குப் பின்னும் நரம்பு மீண்டும் உயிர் பெற மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்றார்கள்.

1975 முழுவதும் ஒரு ஆட்டம்கூட இல்லை. அணியோடு வந்து தினமும் எறிந்து பழகினார். இன்று இந்த அறுவை செய்துகொள்பவர்களுக்கு வாரவாரியாக அச்சடித்த பயிற்சித் திட்டம் இருக்கிறது: எந்த வாரம் எத்தனை அடி தூரம், எத்தனை எறி என்று. ஜானுக்கு அப்படி எதுவும் கிடையாது, அவருக்கு முன் யாரும் அந்த வழியில் போனதில்லையே. வலித்தால் நிறுத்துவது, வலிக்காவிட்டால் தொடர்வது. அவ்வளவுதான் திட்டம். அணியிலேயே இருந்த மைக் மார்ஷல் கை கொடுத்தார். அவர் 1974-இல் 106 ஆட்டத்தில் வீசி இன்றும் முறியாத சாதனை படைத்த பிட்சர், உடலியக்கப் படிப்பில் தேர்ந்தவரும்கூட. முழங்கைக்குச் சுமை குறையும்படி உடலைத் திருப்பி எறியும் முறையைச் சொல்லிக் கொடுத்தார்.

எல்லோரும் ஜோப்பின் கத்தியைத்தான் பேசுகிறார்கள். அந்த ஒரு வருட எறிதலைப் பேசுவதில்லை.

திரும்பி வந்த பிறகு பழைய ஆளாக வீசினாரா?

பழைய ஆளைவிட நன்றாக வீசினார். 1976-இல் 10 வெற்றி 10 தோல்வி, 207 இன்னிங்ஸ். சாதாரணக் கணக்குதான், ஆனால் அந்த 207-ஐப் பார்த்து டாக்டர்கள்தான் அதிகம் மலைத்திருப்பார்கள். 1977-இல் 20 வெற்றி, 7 தோல்வி, சராசரி 2.78. சிறந்த பிட்சருக்கான சை யங் விருது ஓட்டெடுப்பில் ஸ்டீவ் கார்ல்டனுக்கு அடுத்த இடம்.

அந்த கார்ல்டனையே நேருக்கு நேர் சந்தித்த நாள் 1977 அக்டோபர் 8. ஃபிலடெல்ஃபியா, பெரிய லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீகின் பட்டத்துக்கான தொடரில் நான்காவது ஆட்டம். ஆட்டம் முழுக்க மழை. நிறுத்துவார்கள் என்று எதிர்பார்த்த ரசிகர்கள் பிளாஸ்டிக் உறையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், நடுவர்கள் நிறுத்தவில்லை. ஈரப் பந்து வழுக்கும், திட்டின் மண் சேறாகும், காலூன்ற முடியாது. ஒட்டுப் போட்ட முழங்கைக்கு இதைவிட மோசமான இரவு கிடையாது. ஜான் ஒன்பது இன்னிங்ஸும் தானே வீசினார். டஸ்டி பேக்கர் எல்லைக்கு வெளியே அடித்த இரண்டு ரன் ஹோமர் உதவியோடு 4-1. டாட்ஜர்ஸ், இரு பிரிவுச் சாம்பியன்களும் மோதும் வேர்ல்ட் சீரிஸுக்குப் போனது. அவருடைய வாழ்க்கையில் ஒரே ஒரு ஆட்டத்தைத்தான் பார்க்க முடியும் என்றால் நான் இதைத்தான் பார்ப்பேன்.

1978-இல் 17 வெற்றி. பிறகு நியூயார்க் யாங்கீஸுக்குப் போனார். 1979-இல் 21, 1980-இல் 22. அதாவது 37 வயதில், நான்கு சீசனில் மூன்றாவது முறையாக இருபதை எட்டினார். அறுவைக்கு முன் 124 வெற்றி, அறுவைக்குப் பின் 164. முன்பு ஒரு சீசனில்கூட அவர் இருபதைத் தொட்டதில்லை.

வேர்ல்ட் சீரிஸ் கோப்பை வென்றாரா?

இல்லை. மூன்று முறை போனார், மூன்றும் தோல்வி, அதுவும் வேடிக்கையான விதத்தில். 1977, 1978 இரண்டிலும் டாட்ஜர்ஸுக்காக ஆடி யாங்கீஸிடம் தோற்றார். 1981-இல் யாங்கீஸுக்காக ஆடி டாட்ஜர்ஸிடம் தோற்றார்.

1981 கடைசி ஆட்டம் இன்றும் விவாதத்துக்குரியது. யாங்கீஸ் தொடரில் 2-3 என்று பின்தங்கியிருந்தது. ஜான் நன்றாக வீசிக்கொண்டிருந்தார், ஸ்கோர் 1-1. நான்காவது இன்னிங்ஸில் யாங்கீஸ் பேட்டிங், இரண்டு பேர் அவுட், இரண்டு பேர் பேஸில், மட்டை பிடிக்க ஜானின் முறை. அணியை நடத்தும் மேனேஜர் பாப் லெமன் அவருக்குப் பதிலாக பாபி மர்சரை அனுப்பினார். விதிப்படி மாற்றப்பட்டவர் மறுபடி வர முடியாது. ஜான் டக்அவுட்டில் (வீரர்கள் உட்காரும் இடம்) நம்ப முடியாமல் தலையை ஆட்டியது கேமராவில் பதிவானது. மர்சர் தூக்கி அடித்த பந்து கேட்ச் ஆனது. அடுத்து வந்த பிட்சர்களை டாட்ஜர்ஸ் பிய்த்து எடுத்து 9-2 என்று முடித்தது. லெமனுக்கு ரன் தேவைப்பட்டது உண்மைதான். ஆனாலும் அந்த நேரத்தில், அந்தப் பிட்சரை எடுத்தது தவறு என்றே எனக்குப் படுகிறது.

தோற்ற தொடர்கள் என்றாலும் அவர் மோசமாக வீசவில்லை: சீசனுக்குப் பிந்தைய பட்டப் போட்டிகள் எல்லாம் சேர்த்து அவர் தனிக் கணக்கு 6 வெற்றி, 3 தோல்வி, சராசரி 2.65.

பந்தைச் சுரண்டி வீசினார் என்கிறார்களே?

பேசிக்கொண்டார்கள், நிரூபிக்கவில்லை. பந்தின் தோலை உரசிவிட்டால் அது காற்றில் கூடுதலாக வளையும். உப்புத்தாளையும் பாட்டில் மூடியையும் கிரிக்கெட்டில் கேள்விப்பட்டிருக்கிறோம் அல்லவா, அதே வித்தைதான். 1987-இல் இந்தப் பேச்சில் அடிபட்ட இன்னொருவரான டான் சட்டனும் ஜானும் எதிரெதிராக வீசினார்கள். அன்றைய ஆட்டத்தில் ஒரு வழவழப்பான பந்து கிடைத்தால் அருங்காட்சியகத்தில் வைக்கலாம் என்று ஒரு நகைச்சுவை கிளம்பியது. யாங்கீஸ் முதலாளி ஸ்டைன்பிரெனர், சட்டனைச் சோதிக்கச் சொல்லு என்று மேனேஜர் லூ பினெல்லாவுக்குப் போன் போட்டாராம். பினெல்லா, அவரைச் சோதித்தால் நம்ம ஆளையும் சோதிப்பார்கள், நம்ம ஆள்தான் ஜெயித்துக்கொண்டிருக்கிறார், பேசாமல் இருங்கள் என்றாராம். பேஸ்பால் வட்டாரத்தில் பல விதமாகச் சொல்லப்படும் கதை இது.

ஒரே பந்தில் மூன்று பிழை செய்தது இவர்தானா?

இவரேதான். 1988 ஜூலை 27, மில்வாக்கிக்கு எதிராக. ஜெஃப்ரி லெனர்ட் மெதுவாக உருட்டிய பந்தை ஜான் எடுக்கப் போய்த் தவறவிட்டார். ஒன்று. தேவையில்லாமல் அவசரப்பட்டு முதல் பேஸுக்கு எறிந்தார், பந்து வலது பக்க எல்லைப் பக்கம் ஓடியது. இரண்டு. அங்கே நின்ற டேவ் வின்ஃபீல்ட் அதை எடுத்து ஹோமுக்கு எறிந்தார், நேராகப் போயிருந்தால் ரன் அவுட் ஆகியிருக்கும். நடுவில் ஜான் புகுந்து பிடித்து, கேட்சரைத் தாண்டி டக்அவுட்டுக்குள் எறிந்தார். மூன்று. லெனர்ட் உட்பட எல்லோரும் ஓடி முடித்துவிட்டார்கள்.

நல்லவேளை, யாங்கீஸ் அந்த ஆட்டத்தை 16-3 என்று வென்றது. வெற்றியும் ஜான் கணக்கில்தான் ஏறியது.

எப்போது ஓய்வு பெற்றார்?

1989-இல், 46 வயதில். அந்த சீசனின் முதல் ஆட்டத்தில் யாங்கீஸுக்காக வீசி மினசோட்டாவை வென்றார், அது 287-வது வெற்றி. இன்னும் ஒன்று சேர்ந்தது. தோல்விகள் ஏழு சேரவே மே மாத இறுதியில் அணி அவரை விடுவித்தது.

முடிவு நெருங்குகிறது என்று அவருக்கு 1986-லேயே தெரிந்துவிட்டது போலும். அந்த ஆண்டு ஓக்லாந்துக்குப் புதிதாக வந்த மார்க் மெக்வயர், தன் முதல் ஹிட்டை ஜானின் பந்தில்தான் அடித்தார். மெக்வயரின் அப்பா பல் டாக்டர், ஜான் அவரிடம் பல் பார்த்துக்கொண்டவர். நம் பல் டாக்டர் மகனே நம்மை அடிக்க ஆரம்பித்துவிட்டால் ஓய்வுபெறும் நேரம் வந்துவிட்டது என்று ஜான் சிரித்துக்கொண்டே சொன்னார். சொல்லிவிட்டு மூன்று வருடம் ஆடினார்.

ஹால் ஆஃப் ஃபேமில் ஏன் இல்லை?

பேஸ்பாலில் ஒருவருக்குக் கிடைக்கக்கூடிய உச்ச மரியாதை, கூப்பர்ஸ்டவுன் ஊரில் இருக்கும் அந்த மண்டபத்தில் இடம். பத்திரிகையாளர்கள் ஓட்டுப் போடுவார்கள், 75 சதவீதம் வேண்டும். ஜான் 1995 முதல் 2009 வரை பதினைந்து முறை பட்டியலில் இருந்தார். கடைசி முறை கிடைத்த 31.7 சதவீதம்தான் அதிகபட்சம்.

எதிர்த்தரப்பு வாதம் அற்பமானதல்ல. சை யங் விருது ஒரு முறையும் இல்லை. சிறந்த ஆட்டக்காரர்களைப் பொறுக்கி ஆட வைக்கும் ஆல் ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வு நான்குதான். நீண்ட காலம் ஆடியதால் எண் சேர்ந்தது, உச்சத்தில் அவர் யாரையும் மிரட்டவில்லை என்கிறார்கள். 300 வெற்றி என்ற கோட்டுக்கு 12 குறைவு. 1975-ஐ மட்டும் இழக்காமல் இருந்திருந்தால் அந்தக் கோட்டைத் தாண்டியிருப்பார் என்பது அவர் ரசிகர்களின் நிரந்தரப் புலம்பல். இருக்கலாம். ஆனால் 1974-இல் ஜவ்வு அறுந்திருக்காவிட்டால் 46 வயது வரை ஆடியிருப்பாரா என்றும் கேட்கத்தானே வேண்டும்?

என் கட்சி: அவர் உள்ளே இருக்க வேண்டும். இடது கை பிட்சர்களில் வெற்றிக் கணக்கில் வரலாற்றிலேயே ஏழாவது இடம். அவருக்கு முன்னே இருக்கும் ஆறு பேரும் உள்ளே இருக்கிறார்கள். வீசிய இன்னிங்ஸின் தரத்தோடு, நூற்றில் ஒன்று என்ற வாய்ப்பை ஏற்றுக்கொண்டு இந்தத் தொழிலையே மாற்றியதையும் கணக்கில் எடுத்தால் வேறு என்ன வேண்டும்? 2013-இல் ஜோப்பை அந்த மண்டபத்தின் விழாவில் கௌரவித்தார்கள், நியாயம்தான். அடுத்த ஆண்டு அவர் காலமானார்.

2024 டிசம்பரில் பழைய ஆட்டக்காரர்களுக்கான குழு கூடியது. 16 பேர் ஓட்டுப் போட்டார்கள், 12 தேவை. ஜானுக்கு ஏழு. அன்று தேர்வான இருவரில் ஒருவர், 1971-இல் ஜானுக்குப் பதிலாகக் கைமாறிய அதே டிக் ஆலன்.

ஜானுக்கு அடுத்து யாருக்கு இந்த அறுவை நடந்தது?

ஜோப் அவசரப்படவில்லை. ஜான் 20 வெற்றி எடுக்கும்வரை பார்த்திருந்துவிட்டு, 1978-இல்தான் பிரென்ட் ஸ்ட்ராம் என்ற பிட்சருக்குச் செய்தார். ஸ்ட்ராம் பெரிய லீகுக்குத் திரும்பவில்லை. பின்னாளில் ஹூஸ்டன் அணியின் பிட்சிங் பயிற்சியாளராகி 2017 கோப்பையில் பங்கு பெற்றார். இரண்டாவது நோயாளியின் கதையை யாரும் சொல்வதில்லை என்பதால் இங்கே சொல்லி வைக்கிறேன்.

இப்போது எவ்வளவு பேர் செய்துகொள்கிறார்கள்? செய்தால் வேகம் கூடுமா?

பெரிய லீக் பிட்சர்களில் சுமார் மூன்றில் ஒருவர் கையில் இந்தத் தழும்பு இருக்கிறது. ஷோஹேய் ஓட்டானி 2018-இல் செய்துகொண்டார், 2023-இல் அதே முழங்கையில் மறுபடியும் ஒரு அறுவை. தசையை வெட்டாமல் விலக்கிச் செய்யும் முறை வந்துவிட்டது, நாணோடு செயற்கை நாடா வைத்துப் பலப்படுத்துகிறார்கள். பத்தில் எட்டுப் பேராவது ஆட்டத்துக்குத் திரும்புகிறார்கள். ஆனால் 12 முதல் 18 மாதம் ஆகும் என்பது மட்டும் பெரிதாக மாறவில்லை.

வேகம் கூடும் என்பது கட்டுக்கதை. ஒரு வருடம் உடலை முறையாகத் தேற்றியதன் பலனை அறுவையின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். இந்த நம்பிக்கையில் நல்ல கைக்கே அறுவை செய்யச் சொல்லிக் கேட்ட பெற்றோர்களைப் பற்றி அமெரிக்க டாக்டர்கள் தலையில் அடித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்கள்.

வருத்தமான புள்ளிவிவரம் ஒன்று: 2007 முதல் 2011 வரையிலான அமெரிக்கக் காப்பீட்டுப் பதிவுகளை ஆராய்ந்தபோது இந்த அறுவை செய்துகொண்டவர்களில் பாதிக்கு மேல் 15 முதல் 19 வயதுக்குள் இருந்தார்கள். வருடம் முழுக்க ஒரே ஆட்டம், ஓய்வில்லாத எறி, வேகத்தின் மேல் வெறி. இதைத் தடுக்க வயதுவாரியாக ஒரு நாளில் எத்தனை எறி என்று வரம்பு வைத்திருக்கிறார்கள், 9-10 வயதுக்கு 75, 13-14 வயதுக்கு 95. கடைப்பிடிப்பது பயிற்சியாளர் கையில். பிள்ளைகள் இப்படி அறுவை மேசைக்குப் போவதை டாமி ஜானே பல முறை கண்டித்திருக்கிறார். தன் பெயர் இதற்குப் போய் ஒட்டிக்கொண்டதே என்ற சங்கடம் அவருக்கு உண்டு.

கிரிக்கெட் பந்துவீச்சாளர்களுக்கு இது ஏன் வருவதில்லை?

கையை நீட்டியே சுழற்றுவதால். முழங்கையை 15 டிகிரிக்கு மேல் நிமிர்த்தினால் 'த்ரோ' என்று தடை வந்துவிடும். பிட்சர் முழங்கையை மடக்கி வைத்துத் தோளைத் திருப்பி விசிறும்போது உட்பக்க ஜவ்வில் விழும் இழுவிசை நம் பந்துவீச்சில் விழுவதில்லை. அதற்குப் பதிலாக வேகப்பந்துவீச்சாளர்கள் முதுகைக் கொடுக்கிறார்கள். 2023-இல் பும்ராவுக்கு முதுகில் அறுவை நடந்தது நினைவிருக்கும்.

சச்சினின் டென்னிஸ் எல்போவோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது முழங்கையின் வெளிப்பக்கம், அதுவும் தசைநாணில் வரும் கோளாறு. உட்பக்க ஜவ்வுப் பிரச்சினை எறிபவர்களுக்கு உரியது. பிட்சர்களை விட்டால் ஈட்டி எறிபவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள்.